சிறுமலையை மறைப்பது அரபுத் தூசியா?

ஜூன் 8, மாலை. மதுரை ஒத்தக்கடையிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

தை மாதக் காலைகளில் என் வீட்டு மாடியிலிருந்து சிறுமலையின் மடிப்புகளை எண்ணிவிடலாம். வைகாசிக் கடைசியில் மேல்காற்று கிளம்பியதும் மலை வெளுத்து, ஒரு வாரத்தில் காணாமலே போய்விடுகிறது. மேகமும் இல்லை, பனியும் இல்லை. அரபு நாட்டுப் பாலைவனத் தூசி கடல் தாண்டி இங்கே வருகிறது என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது உண்மையா? வீட்டிலிருந்தபடி அளந்து பார்க்க வழி உண்டா?

ஜூன் 8, இரவு

உண்மைதான். அரபிக்கடலின் மேல் ஜூன், ஜூலை மாதங்களில்தான் தூசி மிகுதியாகத் திரள்கிறது. ஓமான் கரையிலிருந்து கேரளக் கரைக்குச் சுமார் 2,500 கி.மீ.; நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று அந்தத் தொலைவை மூன்று நாளில் கடந்துவிடும். அதுவரை தூசி மேலேயே நிற்குமா என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மணல் துகள் நொடிக்கு ஏறத்தாழ 20 செ.மீ. இறங்கும், 3 கி.மீ. உயரத்தில் ஏற்றிவிட்டாலும் நான்கு மணி நேரத்தில் கடலில் விழுந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்கு நான்கு நாளுக்கு மேல் ஆகும். 2 மைக்ரான் துகளை மழை கழுவாவிட்டால் மூன்று மாதத்துக்கும் மேலே மிதக்கும். ஆகவே நம் ஊர் வரை வருவது மணல் அன்று, மாவு.

தொலைவைக் கண்டு மலைக்க வேண்டாம். 2022 ஜனவரி 23 அன்று பாகிஸ்தான் பக்கமிருந்து கிளம்பிய தூசி மும்பையில் நிறுத்தியிருந்த கார்களின்மேல் வெண்பொடியாகப் படிந்தது. சகாராவிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 18 கோடி டன் தூசி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையைக் கடக்கிறது என்றும், அதில் 2.8 கோடி டன் அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் காட்டில் விழுகிறது என்றும், 2007 முதல் 2013 வரையிலான செயற்கைக்கோள் அளவுகளைக் கொண்டு 2015-இல் கணித்திருக்கிறார்கள். பார்படோஸ் தீவில் இந்தத் தூசியை 1965 முதல் விடாமல் பிடித்து எடைபோட்டு வருகிறார்கள். உங்கள் சிறுமலையை மறைப்பதும் இதே இனம்தான் என்று துணிந்து சொல்லலாம்.

ஜூன் 9

அளக்கும் வழியை நேற்று சொல்லாமல் விட்டுவிட்டேன். சூரியனிலிருந்து நேராக வரும் ஒளி, வளிமண்டலத்தைக் கடந்து வருவதற்குள் எவ்வளவு குறைகிறது என்பதை அளந்தால் போதும். இதற்குச் சூரிய ஒளிமானி என்று பெயர். 1959-இல் ஃபோல்ஸ் என்பவர் கையில் பிடிக்கும்படியான ஒன்றைச் செய்தார். 1990-களில் ஃபாரஸ்ட் மிம்ஸ் என்ற அமெரிக்கர், விலையுயர்ந்த வடிகட்டிக் கண்ணாடிக்குப் பதிலாகச் சாதாரண எல்.இ.டி. விளக்கையே உணரியாக வைக்கலாம் என்று காட்டினார். ஒளியை உமிழும் எல்.இ.டி.யின்மேல் ஒளி பட்டால், அது சிறிதளவு மின்னோட்டத்தைத் தரும். அதுவும் ஒரு குறிப்பிட்ட நிறத்துக்கு மட்டும். பள்ளிப் பிள்ளைகளே செய்யக்கூடிய கருவி இது.

என்னுடையது பழைய சாப்பாட்டு டப்பாவுக்குள் இருக்கிறது. பச்சை எல்.இ.டி. ஒன்று (525 நானோமீட்டர் அளவில் உணர்வது), அகச்சிவப்பு எல்.இ.டி. ஒன்று (ஏறக்குறைய 870), அவை தரும் சிறு மின்னோட்டத்தைப் பெருக்கிக் காட்ட ஒரு ஆப்-ஆம்ப் சில்லு, 9 வோல்ட் பேட்டரி, வெளியே மல்டிமீட்டர். முன்பக்கம் ஒரு துளை, பின்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. துளை வழியே விழும் வெளிச்சப் பொட்டு அட்டையில் போட்ட புள்ளியின்மேல் வந்து நின்றால் கருவி சூரியனை நேராகப் பார்க்கிறது என்று பொருள். பார்ப்பது கருவி மட்டும்தான். நம் கண் ஒருபோதும் சூரியன் பக்கம் போகக் கூடாது.

கணக்கு எளிது. வளிமண்டலமே இல்லாவிட்டால் கருவி 1.84 வோல்ட் காட்டும் என்று தெரிந்திருக்கிறது, இன்று 0.92 காட்டுகிறது, அதாவது பாதி ஒளி வழியிலேயே போய்விட்டது. இரண்டின் இயல் மடக்கை 0.693. சூரியன் 53 பாகை உயரத்தில் இருந்தால் ஒளி கடந்து வரும் காற்று, தலைக்கு நேர் மேலே உள்ளதைப்போல் 1.25 மடங்கு, வகுத்தால் 0.55. இதில் காற்று மூலக்கூறுகளே சிதறடிக்கும் பங்கு 0.12, ஓசோனுக்கு 0.02, கழித்தால் மீதி 0.41. இதுதான் காற்றில் மிதக்கும் துகள்களின் ஒளித்தடிமன், அதாவது அவை சூரிய ஒளியை எவ்வளவு தடுக்கின்றன என்பதன் அளவு. தூய வானத்தில் இது 0.1-க்கும் கீழே நிற்கும்.

ஜூன் 14

வளிமண்டலமே இல்லாதபோது காட்டும் வோல்ட்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், ராக்கெட்டில் போனீர்களா என்று ஒருவர் கேலி செய்திருக்கிறார். கொடைக்கானலுக்குத்தான் போனேன், அதுவும் அரசுப் பேருந்தில்.

சூரியன் தாழ்ந்திருக்கும்போது தொடங்கி, மேலே ஏறும்வரை பத்துப் பதினைந்து அளவுகள் எடுத்து, ஒவ்வொரு அளவின் மடக்கையையும் அந்தந்த நேரத்துக் காற்றுப்பருமனுக்கு (ஜூன் 9-இல் சொன்ன 1.25 போன்ற மடங்கு) எதிராகப் புள்ளி வைத்தால் அவை நேர்கோட்டில் அமையும். அந்தக் கோட்டைக் காற்றே இல்லாத சுழியம் (0) வரை பின்னோக்கி நீட்டினால் விடை கிடைக்கும். லாங்லி முறை என்பது இதுதான். ஆனால் அளக்கும் அந்த இரண்டு, மூன்று மணி நேரமும் வானம் மாறாமல் இருக்க வேண்டும். முதலில் இதை கோ.புதூரில் என் வீட்டு மாடியிலேயே செய்து பார்த்தேன். ஏழு மணிக்கு அடுப்புப் புகை, எட்டரைக்குப் போக்குவரத்துப் புழுதி, பத்து மணிக்குத் தரை சூடேறி எல்லாம் கலந்து மேலே எழுந்துவிடுகிறது. புள்ளிகள் கோடாக நிற்காமல் கோழி கிளறிய குப்பைபோல் சிதறின. உலகெங்கும் சூரிய ஒளிமானிகளை வைத்து அளக்கும் நாசாவின் ஏரோநெட் வலையமைப்பு தன் தலைமைக் கருவிகளை ஹவாயில் 3,400 மீட்டர் உயர மௌனா லோவாவுக்குத் தூக்கிக்கொண்டு போவது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. நமக்கு அந்த வசதி 2,300 மீட்டரில், மூன்று, நான்கு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது. தை மாதம் மூன்றாவது வாரத்தில் போய், இரண்டு காலைகளில் அளந்து வந்தேன்.

கொடைக்கானல் என்றதும் ஒரு கிளைக்கதை. அங்குள்ள சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநர் மிச்சி ஸ்மித், அதற்கு முன் சென்னையில் இயற்பியல் பேராசிரியர். 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்து, அடுத்த மாதம் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தபோது, அதை நிறமாலைமானி கொண்டு ஆராய்ந்து எழுதியவர் அவர்தான். தொலைவிலிருந்து வந்த துகள்களை நம் வானத்தில் கருவி வைத்துப் பார்க்கும் வேலை இன்று நேற்றுத் தொடங்கியது அன்று.

ஜூன் 17

கிடைத்துவிட்டது. காலை பத்தரை மணிக்குப் பச்சையில் 0.41, அகச்சிவப்பில் 0.36. (ஜூன் 9 குறிப்பில் நான் எடுத்துக்காட்டாகப் போட்ட கணக்கும் இன்றைய பச்சை அளவும் ஒன்றாக அமைந்தது தற்செயல், நம்பாதவர்களுக்கு நோட்டுப் புத்தகத்தைக் காட்டத் தயார்.)

இரண்டு நிறம் எதற்கு என்றால், புகையின் துகள் பொடியானது. பச்சை ஒளியை நன்றாகத் தடுக்கும், அகச்சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். தூசித் துகள் பெரியது. இரண்டையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தடுக்கும். இந்த வேறுபாட்டை ஒரே எண்ணாகச் சொல்வது ஆங்ஸ்ட்ராம் அடுக்கெண். சுவீடன்காரர் ஆங்ஸ்ட்ராம் 1929-இல் தந்தது. ஒன்றுக்கு மேல் போனால் புகை. அரைக்குக் கீழே வந்தால் தூசி. சென்ற மார்கழியில் அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்புச் சோகை எரித்த ஒரு நாள் எனக்கு 1.4 வந்தது. இன்று 0.26. அரபுத் தூசி என்பதில் இனி ஐயமில்லை.

ஜூன் 18

மேலே எழுதியதில் ஒரு தவறு. பூமி ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு அருகிலும் ஜூலை தொடக்கத்தில் தொலைவிலும் இருக்கிறது. நான் தை மாதத்துச் சூரியனைக் கொண்டு அளவுகோல் செய்துவிட்டு, ஆனி மாதத்துச் சூரியனை அதில் அளந்திருக்கிறேன். இன்றைய சூரியன் இயல்பாகவே ஆறு விழுக்காடு மங்கல். அந்தப் பழியையும் தூசியின் தலையில் போட்டுவிட்டேன். திருத்தினால் பச்சை 0.36, அகச்சிவப்பு 0.31, அடுக்கெண் 0.30. முடிவு மாறவில்லை என்பது ஆறுதல். ஆனால் வானம் தெளிவாக இருக்கும் நாளில் இதே தவற்றைச் செய்திருந்தால், இல்லாத தூசியை இருப்பதாகச் சொல்லியிருப்பேன்.

ஜூன் 21

கருவியை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது டப்பா தோசைக்கல். எல்.இ.டி.யின் உணர்திறன் வெப்பத்தோடு மாறும் என்பதால், காற்றில் எந்த மாற்றமும் இல்லாமலே எண் நகர்ந்திருக்கிறது. இன்றைய அளவுகள் அனைத்தையும் அடித்துவிட்டேன். இனி ஈரத்துண்டில் சுற்றி வீட்டுக்குள் வைத்திருந்து, அளக்கும் ஒரு நிமிடம் மட்டும் வெளியே எடுப்பது என்று முடிவு.

ஜூன் 27

ஜூன் 17 குறிப்பின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

அன்றைய செயற்கைக்கோள் படத்தை இன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். நாசாவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்கள் இணையத்தில் நாள்வாரியாகக் கிடைக்கின்றன. மதுரைக்கு மேலே கண்ணுக்குத் தட்டுப்படாத அளவுக்கு மெல்லிய கீற்று மேகம் இருந்திருக்கிறது. கீற்று மேகம் பனித்துகள்களால் ஆனது. அவை தூசியைவிடப் பெரியவை, ஆகவே அடுக்கெண் தாழ்ந்தே வரும். போதாக்குறைக்கு, மேல்காற்றோடு வரும் கடல் உப்புத் துகளும் அதே பக்கம்தான் சாயும். அரைக்குக் கீழே வந்தால் தூசி என்று நான் எழுதியதை, அரைக்குக் கீழே வந்தால் பெரிய துகள் என்று மட்டும் திருத்திப் படியுங்கள். அது எங்கே பிறந்தது என்பதை அந்த எண் சொல்லாது.

கீற்று மேகத்தைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அரை நிமிட இடைவெளியில் ஐந்து அளவுகள் எடுக்க வேண்டும். தூசி நிதானமானது, ஐந்தும் ஏறக்குறைய ஒன்றாக வரும். மேகம் நகர்வதால் எண்கள் குதிக்கும். ஜூன் 17-ஆம் தேதி நான் எடுத்தது ஒரே ஓர் அளவு. அவசரப்பட்டவனுக்கு அவ்வளவுதான் கிடைக்கும்.

ஜூலை 3

இணையத்தில் வாங்கிய சிறிய காற்றுத்தர உணரி எதையும் காட்டவில்லையே, அப்படியானால் தூசியே இல்லையல்லவா என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அந்தச் சிறு லேசர் உணரிகள் புகையைப் போன்ற பொடித்துகளை நன்றாக எண்ணும். பெரிய தூசித் துகளை மிகவும் குறைத்தே காட்டும். அதன் திரையில் பி.எம்.10 (10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்களின் அளவு) என்று ஓர் எண் ஓடினாலும், அதில் பெரும்பகுதி பொடித்துகளைக் கொண்டு அதுவே ஊகித்துச் சொல்வது. மேலும் அது தன் மூக்கருகே உள்ள காற்றை மட்டுமே அறியும்.

ஜூலை 19, ஆடி 3

ஒரு வாரமாக ஓர் எவர்சில்வர் தட்டைத் தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் வைத்து, மெல்லியதாக வாசலின் தடவி வைத்திருந்தேன். இன்று எடுத்துப் பார்த்தால் செம்மண் நிறம். விரலால் தேய்த்தேன், நெருநெருவென்றது. நாக்கில் வைத்துப் பார்த்தேன் (வாசலினோடுதான், வீட்டில் யாரும் பார்க்கவில்லை), பல்லில் மணல் கடிபட்டது. பல்லில் கடிபடும் மணல் 2,500 கி.மீ. பறந்து வர முடியாது என்று ஜூன் 8-இல் நானே கணக்குப் போட்டு எழுதியிருக்கிறேன். அந்தத் துகள் கிளம்பிய இடம் சில மணி நேரக் காற்றுத் தொலைவுக்குள்தான் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பக்கத்துப் புஞ்சைகள்.

ஆடிப் பட்டம் தேடி விதை என்கிறோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். இரண்டு பழமொழியும் ஒரே மாதத்தைப் பற்றியவை என்பதை நான் இதுவரை சேர்த்து எண்ணிப் பார்த்ததே இல்லை. நிலத்தை உழுது புழுதியாக்கி வைத்திருக்கும் அதே நாட்களில்தான் கம்பம் பள்ளத்தாக்கு வழியாகக் காற்று குவிந்து இறங்குகிறது. நம் ஊர்ச் சாலைப்பணிகளும் கல்குவாரிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. அரபு நாட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவன் கையில் ஒட்டியிருப்பது தேனி மாவட்டத்து மண்.

ஜூலை 24

இரண்டு நாளாக மனத்தை அரித்ததை எழுதிவிடுகிறேன். ஒத்தக்கடை ஐயா கேட்ட கேள்விக்கு நான் இதுவரை விடையே சொல்லவில்லை. அவர் கேட்டது மலை ஏன் மறைகிறது என்று. நான் அளந்துகொண்டிருப்பது சூரியன் ஏன் மங்குகிறது என்பதை. இரண்டும் ஒன்றல்ல.

மலையைப் பார்க்கும்போது நம் பார்வைக்கோடு தரையை ஒட்டியே போகிறது. சிறுமலையின் உச்சியைப் பார்த்தாலும் பெரும்பகுதி வழி ஒரு கி.மீ. உயரத்துக்குள்தான். சூரியனைப் பார்க்கும் கருவியோ தலைக்கு மேலுள்ள அடுக்குகள் அனைத்தையும் துளைத்துப் பார்க்கிறது. அரபுத் தூசி பெரும்பாலும் எங்கே பயணம் செய்கிறது? கடலை ஒட்டிய ஈரக்காற்றுக்கு மேலே, ஒன்றரை முதல் ஐந்து கி.மீ. வரையிலான உயரத்தில். அது சிறுமலைக்கும் நமக்கும் நடுவில் வந்து நிற்பதே இல்லை, உச்சிக்கு மேலாகப் போய்விடுகிறது. மாடியில் நின்று எதிர்வீட்டைப் பார்ப்பவனுக்குத் தலைக்கு மேலே கட்டிய பந்தல் எப்படி மறைக்கும்?

கணக்கிலும் இது நிற்கிறது. ஜெர்மன் வானிலையாளர் கோஷ்மீடர் 1924-இல் தந்த வாய்பாட்டின்படி, பார்வை எட்டும் தொலைவு என்பது 3.9-ஐ ஒரு கி.மீ.க்கு இழக்கும் ஒளியின் அளவால் வகுத்தால் வருவது. என் மாடியிலிருந்து யானைமலை சுமார் 6 கி.மீ., அழகர்மலை 17, சிறுமலை 35. சிறுமலை தெரிய வேண்டுமானால் இழப்பு 0.11-க்குக் கீழே இருக்க வேண்டும், அழகர்மலைக்கு 0.23 வரை தாங்கும், யானைமலைக்கு 0.65. ஆக மூன்று மலைகளும் காசில்லாத கருவிகள். ஆனால் அவை அளப்பது தரையை ஒட்டிய காற்றை மட்டும். சிறுமலையை மறைப்பது நம் புழுதியும், நம் புகையும், நம் ஈரமும்தான். ஜூன் 8 இரவு நான் துணிந்து சொன்னதை அதே துணிவோடு மறுக்கிறேன்.

இதிலிருந்து ஒரு சோதனை பிறக்கிறது. மலை தெளிவாகத் தெரிந்து, சூரியன் மட்டும் வெளுத்திருக்கும் நாள் ஒன்று வர வேண்டும்.

ஜூலை 25

1832 ஜனவரியில் டார்வின் கேப் வெர்டே தீவை நெருங்கியபோது, கப்பலின் பாய்மர உச்சியில் இருந்த காற்றுகாட்டியின் வலைத்துணியில் படிந்த பழுப்புத் தூசியைப் பொட்டலம் கட்டி எடுத்துவைத்தார். அவர் பாய்மர உச்சியில் பிடித்ததை நான் தண்ணீர்த் தொட்டி மூடியில் பிடிக்கப் பார்த்திருக்கிறேன். உயரம் வேண்டும். கொடைக்கானலில் குடியிருக்கும் அக்காள் மகனிடம் இரண்டாவது கருவி ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். “மாமா, இங்கே ஆடியில் சூரியனைப் பார்ப்பதே அதிர்ஷ்டம்” என்றான்.

ஆகஸ்ட் 2

முந்தின நாள் இரவு நல்ல மழை. காலையில் மாடிக்குப் போனதும் சிறுமலை தெரிந்தது, மடிப்புகளோடு. வானமோ நீலமாக இல்லை. பால் கலந்த நீர்போல் இருந்தது. சூரியனைச் சுற்றி அகலமான வெண்ணொளி. என் நிழலின் விளிம்பு கரைந்திருந்தது. மருமகனை அழைத்தேன். அங்கே மேகம் விலகி இருபது நிமிடம் கிடைத்தது. இருவரும் ஒரே நேரத்தில் ஐந்தைந்து அளவுகள் எடுத்தோம். இரு இடத்திலும் எண்கள் குதிக்கவில்லை.

மதுரையில் பச்சை 0.52, அகச்சிவப்பு 0.47. கொடைக்கானலில் பச்சை 0.33, அகச்சிவப்பு 0.30. (அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் மூலக்கூறுப் பங்காக 0.12-க்குப் பதில் 0.09 கழிக்க வேண்டும். மருமகன் மறந்திருந்தான், நான் திருத்தினேன். சூரியத் தொலைவையும் சேர்த்துக்கொண்டேன், யாரும் நினைவூட்ட வேண்டாம்.) அடுக்கெண் இரண்டு இடத்திலும் 0.2 அளவில். ஆக மதுரைக்கு மேல் மிதந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 2,300 மீட்டருக்கும் மேலே இருந்திருக்கிறது. உழுத புஞ்சையின் புழுதி முந்தின இரவு மழைக்குப் பிறகு அவ்வளவு உயரத்துக்குப் போகாது. அமெரிக்க வளிமண்டல நிறுவனத்தின் காற்றுப்பாதைக் கணிப்பை 3 கி.மீ. உயரத்துக்கு ஓட்டிப் பார்த்தேன். பின்னோக்கிப் போன கோடு அரபிக்கடலைக் கடந்து ஓமானில் முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது மீதிக் கணக்குதான். இரண்டு ஊருக்கும் நடுவில் உள்ள 2.2 கி.மீ. காற்றின் பங்கு 0.52-இல் 0.33 போக 0.19. கி.மீ.க்குச் சராசரி 0.086. கோஷ்மீடர் கணக்கில் 45 கி.மீ. வரை பார்வை எட்டும். 35 கி.மீ.யில் உள்ள சிறுமலை தெரிந்ததில் வியப்பில்லை.

ஆகஸ்ட் 3

ஒத்தக்கடை ஐயா எழுதியிருக்கிறார்: நேற்று மலை தெரிந்ததால் தூசி போய்விட்டது என்று எண்ணி, வெளியே வெயிலில் காயவைத்த மிளகாய் ஏன் வழக்கம்போல் சுருக்கென்று காயவில்லை என்று வீட்டில் பேசிக்கொண்டார்களாம். மழை ஈரமும் காரணமாக இருக்கும், ஐயா. மிளகாயைக் கருவியாக ஏற்க முடியாது. ஆனால் மலை தெரிந்தது என்ற உங்கள் குறிப்பைத் தேதியோடு என் நோட்டில் சேர்த்துக்கொண்டேன்.

கருவி செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒன்று: டவுன்ஹால் ரோட்டில் கேட்கும்போது பழைய வகை மங்கல் பச்சை எல்.இ.டி. என்று கேட்டு வாங்குங்கள். இப்போது வரும் பளீரென்ற பச்சை வேறு பொருளால் ஆனது; அது பச்சையை விட்டு நீலத்தின் பக்கம் சாய்ந்து உணரும். கடைக்காரர் நல்லதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வற்புறுத்துவார்.